நாவலைப் படம் கெடுத்துவிட்டதா? ‘நெவரெண்டிங் ஸ்டோரி’யை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போகிறவர் மனதில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் காட்சி இல்லை, அந்தப் பாத்திரத்தைக் காணோம், டிராகனுக்கு முகம் இப்படியா இருக்கும்! பட்டியல் நீண்டால் படம் மோசம், சுருங்கினால் பரவாயில்லை. நானும் பல வருஷம் இப்படித்தான் தீர்ப்பு சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தக் கணக்கு உதவாது என்று எனக்குப் புரியவைத்தது ஒரு ஜெர்மன் நாவலும், அதிலிருந்து வந்த படமும்.

மிக்கேல் எண்டே எழுதிய ‘முடிவில்லாத கதை’ (ஆங்கிலத்தில் ‘நெவரெண்டிங் ஸ்டோரி’) 1979-ல் வெளியானது. வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய படம் 1984-ல். அதுவரை ஜெர்மனியில் எடுத்த படங்களிலேயே அதிகச் செலவு இதற்குத்தான். ஏறக்குறைய 6 கோடி ஜெர்மன் மார்க். உலகம் முழுக்க ஒரு தலைமுறைக் குழந்தைகள் அந்தப் படத்தோடு வளர்ந்தார்கள். எழுதியவரோ படப்பிடிப்பை நிறுத்து, இல்லையென்றால் தலைப்பையாவது மாற்று என்று கேட்டு, நடக்காமல், வழக்குப் போட்டுத் தோற்றார். இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிற வழக்கு இது. பழகிப் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

படி 1: எந்தப் பிரதி என்று முதலில் பாருங்கள்

இந்தப் படத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. ஜெர்மனியில் ஓடியது ஏறக்குறைய 102 நிமிடம். இசை முழுக்கக் கிளாவுஸ் டோல்டிங்கர். அமெரிக்காவுக்குப் போனது சுமார் 8 நிமிடம் குறைவு. அதில் ஜார்ஜியோ மொரோடரின் சிந்தசைசர் இசையைச் சேர்த்து, லிமால் பாடிய அந்தப் பிரபலமான பாட்டையும் ஒட்டினார்கள். நம்மில் பெரும்பாலோர் பார்த்தது இரண்டாவதைத்தான். “படம் ஒரே பாப் பாட்டாக இருக்கிறது” என்று குறை சொன்னால் அது பீட்டர்சன் ஜெர்மன் ரசிகனுக்குக் கொடுத்த படத்தின் மேல் விழாது.

புத்தகத்திலும் இதே சிக்கல். மூலப் பதிப்பு இரண்டு வண்ண மையில் அச்சானது. பள்ளிக்கூடத்துப் பரணில் ஒளிந்துகொண்டு படிக்கும் சிறுவன் பாஸ்டியனின் உலகம் சிவப்பில். அவன் படிக்கும் கற்பனை உலகம் நீலப்பச்சையில். மொத்தம் 26 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் அகர வரிசைப்படி ஒரு எழுத்தில் தொடங்கும். ரால்ஃப் மான்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இந்த எழுத்து வரிசையைக் காப்பாற்றியிருக்கிறது. விலை குறைந்த சில பதிப்புகளில் வண்ணத்துக்குப் பதில் சாய்வெழுத்து இருக்கும். கதை அதேதான், ஆனால் ஒரு பக்கத்தில் சிவப்பு குறுக்கிட்டுப் பச்சையை வெட்டும்போது வருகிற திடுக்கிடல் சாய்வெழுத்தில் வராது. முடிந்தால் வண்ணப் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள்.

படி 2: பாதி வரை படியுங்கள், படத்தைப் பாருங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்

விசித்திரமாகத் தோன்றும். ஆனால் இந்த வழக்குக்கு இதுதான் சரியான வரிசை. படம் நாவலின் முதல் 12 அத்தியாயங்களோடு, அதாவது கிட்டத்தட்டச் சரிபாதியில், நின்றுவிடுகிறது. இன்மை என்ற ஒன்று கற்பனை உலகை விழுங்குகிறது. குழந்தைப் பேரரசி நோயில் கிடக்கிறாள். அவளுக்கு மருந்து தேடிச் சிறுவன் அட்ரேயு கிளம்புகிறான். மருந்து வேறொன்றுமில்லை, மனித உலகத்துக் குழந்தை ஒன்று அவளுக்குப் புதுப்பெயர் சூட்ட வேண்டும். பாஸ்டியன் பெயரைக் கூவுகிறான், உள்ளே போகிறான். படம் இங்கே முடிகிறது. நாவல் இங்கேதான் சூடு பிடிக்கிறது.

பாதியில் நிறுத்திப் படம் பார்த்தால் பீட்டர்சன் என்ன செய்யப் பார்த்தார் என்பது தெளிவாகத் தெரியும். முழுக்கப் படித்துவிட்டுப் போனால் இல்லாத பாதியின் நிழல் எல்லாக் காட்சி மேலும் விழுந்து, நல்லதும் கெட்டதாகத் தெரியும்.

படி 3: நாவலின் சட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

மாயக்கதை எதுவாக இருந்தாலும் அதற்குள் ஒரு சட்டம் இருக்கும். எது நடக்கலாம், எது நடக்கவே கூடாது, நடந்தால் என்ன தண்டனை. கதைச்சுருக்கத்தில் அது இருக்காது. தேடித்தான் எடுக்க வேண்டும். தேடுவதற்கு ஒரு சுலபமான வழி: பாத்திரங்கள் எதற்கு விலை கொடுக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள்.

என் குறிப்புகள் இப்படி இருந்தன. பாஸ்டியன் அந்தப் புத்தகத்தைக் கடையிலிருந்து *திருடுகிறான்*. அந்தக் குற்ற உணர்ச்சியால் வீட்டுக்குப் போக முடியாமல்தான் பரணில் ஒளிகிறான். அட்ரேயு தெற்கே இருக்கிற குறி சொல்லும் இடத்துக்கு ஒரே நொடியில் போக வேண்டும் என்றால், இக்ரமுல் என்ற பூச்சித்திரளின் விஷக்கடியை வாங்கிக்கொள்ள வேண்டும். கடித்தால் ஒரு மணி நேரத்தில் சாவு, ஆனால் நினைத்த இடத்துக்குப் போகலாம். இரண்டாம் பாதியில், பேரரசியின் பதக்கத்தை அணிந்த பாஸ்டியன் என்ன ஆசைப்பட்டாலும் நடக்கிறது. ஒவ்வொரு ஆசைக்கும் அவனுடைய பழைய நினைவு ஒன்று அழிகிறது. அழிந்தது அவனுக்கே தெரியாது.

அந்த இரண்டாம் பாதியில் ஒரு நகரம் வருகிறது. தன்னையே மறந்துபோன பழைய ‘பேரரசர்கள்’ அங்கே எழுத்துப் பொறித்த பகடைகளை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கதை சொல்லும் சக்தியை இழந்தவர்கள். உருட்டிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒரு நாள் தற்செயலாக ஒரு கதை விழாதா என்று. வாசிக்கும்போது எனக்கு முதுகு சில்லிட்டது.

ஆக, எண்டேயின் சட்டம்: கற்பனைக்கு விலை உண்டு. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் படத்தை எடை போடுவது இந்தப் படிக்கல்லை வைத்துத்தான்.

படி 4: காசுத் தடையா, மனத் தடையா?

ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 1984-ல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இதற்கெல்லாம் உதவுகிற அளவுக்கு வளரவில்லை. பொம்மை, மோட்டார், நீலத்திரை, வரைந்த பின்னணி, இவ்வளவுதான் கையில். நொடிக்கு நொடி உருவம் மாறும் லட்சக்கணக்கான பூச்சிகளின் திரளை எப்படி எடுப்பார்கள்? இக்ரமுல் போனது காசுத் தடை. மன்னித்துவிடலாம்.

டிராகனும் அந்த ரகம். நாவலில் ஃபூகுர் முத்துச்சிப்பி நிறச் செதில்கள் கொண்ட, சிங்கத் தலையுள்ள, மேகம் போல எடையற்ற பிராணி. படத்தில் அது ஃபால்கோர் ஆகி, நீளமான நாய்முகத்தோடு, காதைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிச் சுகம் காண்கிறது. ஏறக்குறைய 13 மீட்டர் நீள இயந்திரப் பொம்மையிடம் எடையின்மையை எதிர்பார்க்க முடியாது. அந்தப் பொம்மையை முனிச் அருகே பவாரியா ஸ்டுடியோவில் இன்னும் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த முகத்தின் மேல் கோபம் வருவதே இல்லை, சொல்லிவிடுகிறேன்.

இப்போது புத்தகக் கடைக் காட்சிக்கு வாருங்கள். நாவலில் பாஸ்டியன் கடைக்காரர் அந்தப் பக்கம் போன நேரத்தில் புத்தகத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடுகிறான். படத்தில், திருப்பித் தந்துவிடுவேன், கவலைப்படாதீர்கள் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு எடுத்துப் போகிறான். கடைக்காரர் அதைப் பார்த்துப் புன்னகைக்கிறார். அவர் இதைத்தான் எதிர்பார்த்தார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த மாற்றத்தால் ஒரு மார்க் கூட மிச்சமாகவில்லை. திருடுவதை எடுத்தாலும் அதே செட், அதே நடிகர், அதே அரை நாள். இதுதான் மனத் தடை. நல்ல பிள்ளை திருடக் கூடாது என்று யாரோ பயந்திருக்கிறார்கள். விளைவு? நாவலின் கடைசியில் பாஸ்டியன் அந்தக் கடைக்கே போய் “நான்தான் திருடினேன்” என்று ஒப்புக்கொள்வான். அப்படிப்பட்ட புத்தகமே என்னிடம் இருந்ததில்லை என்பார் கடைக்காரர். அந்தக் காட்சிக்கு வழியே இல்லாமல் போகிறது. முதல் பத்து நிமிடத்தில் பிடுங்கிய ஒரு ஆணியால் கடைசிச் சுவர் விழுகிறது.

பாஸ்டியனின் உடம்பும் இப்படித்தான். நாவலில் அவன் குண்டு, வெளிறிய முகம், எல்லாப் பாடத்திலும் பின்தங்கியவன். படத்தில் அழகான ஒல்லிப் பையன். சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் உள்ளே போனதும் அவனுடைய முதல் ஆசைகளில் ஒன்று அழகனாக வேண்டும் என்பது. உடனே தான் குண்டாக இருந்ததே அவனுக்கு மறந்துபோகிறது. ஒல்லிப் பையனுக்கு மறக்க என்ன இருக்கிறது?

படி 5: முடிவெடுப்பது யார் என்று பாருங்கள்

இது நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட படி. ஒரு காட்சி போய்விட்டதா என்பதைவிட, அதில் இருந்த *முடிவு* எங்கே போனது என்று தேடுவது பலன் தரும்.

இக்ரமுல் போனது சரி. ஆனால் அவளோடு சேர்ந்து அட்ரேயுவின் முடிவும் போயிற்றே. நாவலில் தெரிந்தே கடி வாங்குகிறான் பத்து வயதுப் பையன். டிராகனைக் காப்பாற்றுவதும் அந்த முடிவால்தான். படத்தில் அவன் சதுப்பில் மயங்கி விழுகிறான், டிராகன் தூக்கிக்கொண்டு வந்து குறிமேடைக்குப் பக்கத்தில் போட்டுவிடுகிறது. கண் விழித்தால் கிட்டத்தட்ட முழுத் தூரமும் முடிந்திருக்கிறது. காப்பாற்றுகிறவன் காப்பாற்றப்படுகிறவனாகிவிட்டான். பொம்மை செய்ய முடியாவிட்டாலும் வேறொரு விலையை அங்கே வைத்திருக்கலாம், தேடவில்லை.

க்மோர்க் என்ற ஓநாயும் கவனிக்க வேண்டியவன். நாவலில் அவன் சங்கிலியில் கட்டுண்டு பட்டினியில் சாகக் கிடக்கிறான். அட்ரேயுவோடு உட்கார்ந்து பேசுகிறான். படத்தில் கொஞ்சம் பேசிவிட்டுப் பாய்ந்து சண்டை போட்டுச் சாகிறான். சண்டை பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாவலில் வரும் பேச்சில்தான் அதன் மிக முக்கியமான வாக்கியம் இருக்கிறது. அதற்குப் படி 8-ல் வருகிறேன்.

படி 6: படம் ஜெயித்த இடத்தை மறைக்காதீர்கள்

நாவலின் ரசிகர்கள் செய்யும் பெரிய தவறு இதைத் தாண்டிப் போவது.

துக்கச் சதுப்பில் குதிரை அர்டாக்ஸ் மூழ்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அர்டாக்ஸ் பேசும். சதுப்பின் துக்கம் தன்னைப் பிடித்துவிட்டது என்று சொல்லும். அட்ரேயு தன் கழுத்துப் பதக்கத்தைக் குதிரைக்குப் போடப் பார்க்கிறான். அது உனக்குத் தந்தது, அடுத்தவருக்குக் கொடுக்க உனக்கு உரிமையில்லை என்று குதிரை மறுக்கிறது. நான் சாவதை நீ பார்க்க வேண்டாம், போய்விடு என்கிறது. அழகான உரையாடல்.

படத்தில் குதிரைக்கு வாயில்லை. பேச்சு முழுக்கப் போய்விட்டது. ஒரு சிறுவன் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறான், கத்துகிறான், கெஞ்சுகிறான். குதிரை அசையாமல் நிற்கிறது, சேறு ஏறிக்கொண்டே வருகிறது. அடுத்த காட்சியில் சேறு மட்டும் இருக்கிறது. நாவலில் குதிரைக்குத் தன் சாவு புரிந்திருக்கிறது. படத்தில் அந்தப் புரிதல் கூட இல்லை, அதனால் பையனுக்கு ஆறுதலும் இல்லை. என் கணக்கில் இங்கே படம் ஒரு படி மேலே. நாற்பது வருஷம் கழித்தும் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது இந்தக் குதிரையைத்தான். படம் முழுவதிலும் உண்மையான விலை கொடுத்த ஒரே இடம் அது என்பதும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நாவலின் 12-ஆம் அத்தியாயத்தில், நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு கிழவரிடம் பேரரசி போகிறாள். கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறாள். அவர் தொடங்கினால், நாம் கையில் வைத்திருக்கும் புத்தகத்தின் முதல் வரி வருகிறது: கடைக் கண்ணாடிக் கதவில், உள்ளேயிருந்து பார்க்கும்போது இடவலம் மாறித் தெரிகிற பெயர்ப்பலகை. அங்கிருந்து கதை மறுபடி அதே இடத்துக்கு வந்து, மறுபடி தொடங்கி, சுழலில் மாட்டிக்கொள்கிறது. பாஸ்டியன் பெயரைச் சொன்னால்தான் சுழல் அறும்.

இதைப் படமாக எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். பீட்டர்சன் கிழவரையே தூக்கிவிட்டு, அட்ரேயுவிடம் பேசும் பேரரசியின் வாயில் இரண்டு வரி வைத்தார்: பாஸ்டியன் உன் சாகசத்தில் கூடவே வருவது போல, மற்றவர்கள் அவனோடு கூடவே வருகிறார்கள், அவன் கடையில் ஒளிந்தபோதும் இருந்தார்கள். சிறு வயதில் அதைக் கேட்டபோது திரும்பி அறையைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. காட்சி போனாலும் அது வாசகனுக்குச் செய்த வேலை போகவில்லை. உருமாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

படி 7: எழுத்தாளரின் கோபத்தைச் சாட்சியாக வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள்

எண்டே படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். மலிவு அலங்காரமும் வியாபாரமும் பஞ்சுப் பொம்மையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மெலோடிராமா என்ற பொருளில் பேசினார். குறிமேடை வாசலில் இருக்கும் பெரிய மார்பு கொண்ட ஸ்ஃபிங்ஸ் சிலைகள் அவருக்குச் சங்கடமாக இருந்தன.

அந்தச் சிலைப் புகார் எனக்கு ருசி சம்பந்தப்பட்டதாகத்தான் படுகிறது. ஆனால் அவருடைய பின்னணியையும் பாருங்கள். அப்பா எட்கர் எண்டே சர்ரியலிச ஓவியர்; நாஜிகள் அவருடைய ஓவியங்களுக்குத் தடை போட்டார்கள். நாவலின் பிற்பகுதியில், மறந்துபோன கனவுகள் படங்களாகப் படிந்து கிடக்கும் ஒரு சுரங்கம் வருகிறது. ஓவியன் மகன் எழுதிய சுரங்கம் அது. அவர் கோபத்தில் ஒரு பகுதி எந்தப் பாதி போயிற்று என்பதைப் பற்றியது. அதைத் தனியாகப் பிரித்து எடுங்கள், மற்றதை ஓரமாக வையுங்கள்.

படி 8: கடைசி ஐந்து நிமிடத்தைச் சட்டத்தோடு ஒப்பிடுங்கள்

தழுவல் தன் உண்மையான நிறத்தைக் காட்டுவது முடிவில்தான். படத்தின் முடிவு தெரிந்ததே: பாஸ்டியன் டிராகன் மேல் ஏறி, தன் ஊர்த் தெருவில் பறந்து, தன்னை அடித்த மூன்று பையன்களைத் துரத்தி, குப்பைத் தொட்டிக்குள் குதிக்க வைக்கிறான். தியேட்டரில் விசில் பறந்திருக்கும்.

இப்போது நாவலில் க்மோர்க் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கற்பனை உலகத்துப் பிராணிகள் இன்மைக்குள் விழுந்து மனித உலகத்துக்கு வந்தால் என்ன ஆவார்கள்? *பொய்களாக* ஆவார்கள். வெறியாகவும் பிரமையாகவும் மனிதர்களின் தலைக்குள் புகுந்துகொள்வார்கள். அவற்றை வைத்து மனிதர்களை ஆட்டிப்படைக்கலாம். மனிதன் அங்கே போய்த் திரும்பி வந்தால் இரண்டு உலகமும் குணமாகும். அங்கிருப்பது அப்படியே இங்கே வந்தால் இரண்டுக்கும் நோய்.

அதாவது, நாவல் எதைப் பேரழிவு என்று சொல்கிறதோ அதையே படம் கொண்டாட்டமாக வைத்திருக்கிறது. இங்கே காசுத் தடை என்று சொல்லவும் முடியாது. தெருவில் டிராகன் பறக்க வைப்பதுதான் செலவு. ஒரு காட்சி குறைந்ததற்கும் ஒரு காட்சி மூலத்தின் சட்டத்தையே தலைகீழாக்கியதற்கும் உள்ள தூரம் இதுதான்.

இன்னொரு குறும்பும் உண்டு. நாவலில் கிளைக்கதை வரும்போதெல்லாம் “அது வேறொரு கதை, வேறொரு சமயம் சொல்லப்படும்” என்று எண்டே முடிப்பார். படத்தின் ஆங்கில வடிவம் அதே வரியை எடுத்து, பாஸ்டியன் இன்னும் பல ஆசைப்பட்டான், பல சாகசம் செய்தான், ஆனால் அது வேறொரு கதை என்று முடிக்கிறது. கிளைக்கதைக்கு வைத்த வரியால் மூலக்கதையின் பாதியை மூடிவிட்டார்கள். எத்தனை ஆசை வேண்டுமானாலும் படு என்று பேரரசி சொல்வது இரண்டிலும் உண்டு. படம் அந்த வாக்குறுதியை வாங்கிக்கொண்டு, பில் வருவதற்குள் எழுந்து போய்விட்டது.

படி 9: தொடர்ச்சிப் படம் சரிசெய்ததா?

சுருக்கமாக: இல்லை. 1990-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆசைக்கு நினைவு போகும் விஷயம் இருக்கிறது. ஆனால் அதை வில்லி சையிடே வைத்த இயந்திரத்தின் சதியாக்கிவிட்டார்கள். நாவலில் அது யாருடைய சதியும் கிடையாது. பதக்கத்தின் இயல்பே அது. வில்லியைத் தோற்கடித்தால் தீர்ந்துவிடும் என்றால் பிறகு விலை எங்கே இருக்கிறது? 1994-ல் வந்த மூன்றாவதை இந்த ஒப்பீட்டுக்குப் பார்க்கத் தேவையில்லை.

படி 10: தீர்ப்பை ஒரு பத்தியில் எழுதுங்கள்

நட்சத்திரம் போடாதீர்கள், மதிப்பெண்ணும் வேண்டாம். காசுத் தடையால் போனது, படம் ஜெயித்தது, மனத் தடையால் போனது, சட்டத்தை மீறியது, இந்த நான்கும் ஒரே பத்தியில் வரட்டும். என்னுடையது இது:

பூச்சித்திரளையும் முத்துச் செதிலையும் நான் கேட்கவில்லை. குதிரைக்கும் பேரரசியின் இரண்டு வரிக்கும் பீட்டர்சனுக்கு நன்றி. திருட்டை நல்லொழுக்கமாக்கியதை மன்னிக்கச் சிரமப்படுகிறேன். கடைசி ஐந்து நிமிடத்தை மன்னிக்கவில்லை. அதற்குக் காரணம் டிராகன்கூட இல்லை, அப்பா.

படத்தின் தொடக்கத்தில் அப்பா பச்சை முட்டையை உடைத்து மிக்ஸியில் போட்டுக்கொண்டே, பகல் கனவு காணாதே என்று மகனுக்குச் சொல்கிறார். அம்மா இறந்த வீடு. அதற்குப் பிறகு அவர் படத்தில் வரவே இல்லை. நாவலில் அவர் பல் செட் செய்கிறவர். எல்லாம் மறந்த பாஸ்டியன் அந்தப் படச்சுரங்கத்தில் நெடுங்காலம் இருட்டில் வெட்டி, கடைசியில் ஒரு மெல்லிய தகட்டைக் கண்டெடுக்கிறான். அதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், கையில் பிளாஸ்டர் பற்களோடு, பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கிறார். யாரென்று அவனுக்குத் தெரியாது. அவரிடம் போக வேண்டும் என்று மட்டும் தெரியும். வீடு திரும்பினால் அப்பா அழுகிறார், இரவெல்லாம் தேடியிருக்கிறார்.

படத்திலும் பையன் அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை. அவனை யார் தேடினார்கள் என்று படம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.